கேப்டன் வீட்டு மூக்குக் கண்ணாடி

அத்தியாயம் 5

வெடிகுண்டைச் செல்லக்கிளி கடித்தாள்.

கடித்த சத்தம் அந்தப் பெருமாள்புரம் வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. கேப்டன் குற்றாலலிங்கம் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டார். போன வேகத்தில் பட்டாளப் பயிற்சி தெரிந்தது. அவளுடைய முதலாளி, துப்பறிவாளர் பாக்கியசீலன், இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அது வீரம் இல்லை. முழங்கால் வாதம்.

"என்னது அது?" என்றார் அவர்.

"பனங்கிழங்கு," என்றாள் செல்லக்கிளி மென்றுகொண்டே. "எவளோ ஒரு சோம்பேறி அவிச்சு மாடியில போட்டுட்டு எடுக்க மறந்துட்டா. ராதாபுரத்துல எங்கம்மை கிழங்கை இப்படிக் காய விட்டிருந்தான்னா எங்கப்பா சாமியாராப் போயிருப்பாரு."

இந்தக் கிழங்கைத்தான் இன்ஸ்பெக்டர் முந்தின நாள் வந்து பார்த்து, 'வெடிக்கத்தக்கவை என ஐயுறப்படும் மஞ்சள் நிறக் குச்சிகள்' என்று எழுதிக்கொண்டு போயிருந்தார். வெடிக்கத்தக்கவை என்பதால் மணல் வாளியில் புதைத்து வைக்கச் சொன்னார். வெடிக்கத்தக்கவை என்பதாலேயே தன் ஜீப்பில் ஏற்ற மறுத்து, வாளியைக் கேப்டன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஆகஸ்ட் மாதம் அது. மே மாதம் முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு தமிழ்நாட்டில் கிழங்குக்குக்கூட நற்சாட்சிப் பத்திரம் வேண்டியிருந்தது. இலங்கையிலிருந்து படகேறி வந்த மனுஷர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

சோபாவுக்குப் பின்னாலிருந்து கேப்டன் வெளியே வந்தார். குண்டு இல்லையென்றால் விஷமாக இருக்கும் என்றார். செல்லக்கிளி மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தி, யோசித்து, விழுங்கினாள். விஷமும் இல்லையென்றால் எச்சரிக்கை என்றார் கேப்டன். இன்று கிழங்கு, நாளைக்குக் குண்டு. அங்கே சண்டையில் தன்னிடம் அடிபட்டவர்கள் இங்கேயும் தேடி வந்துவிட்டார்கள்.

கேப்டன் அங்கே, அதாவது யாழ்ப்பாணத்தில், இரண்டு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்று வந்த பிறகு மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் மேடை போட்டாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்தார். அவர் வீட்டுக் கேட்டில் பெயர்ப்பலகை மாட்டியிருந்ததா, பெயர்ப்பலகையில் கேட்டை மாட்டியிருந்தார்களா என்று சொல்வது கஷ்டம். மீசையை அவர் தடவும்போது மீசைதான் அவரைத் தடவுகிறது என்று தோன்றும். கூடத்தின் நடுவில் கண்ணாடி அலமாரி. அதில் ஒரு தண்ணீர்க் குடுவை, ஒரு தோட்டாக் கூடு, நடுவே சிவப்பு வெல்வெட்டில் ஒரு மூக்குக் கண்ணாடி. ஆயுதம் தாங்கிய ஒரு பயங்கரத் தளபதியைத் தன்னந்தனியாக, வெறுங்கையால் பிடித்தபோது எடுத்தது என்றார். எல்லா மேடைகளிலும் அதைத் தூக்கிக் காட்டுவாராம். பிள்ளைகள் கை தட்டுமாம்.

செல்லக்கிளி அலமாரிக்கு அருகே போய் நின்றாள். பயங்கரத் தளபதிக்குக் கண் ரொம்ப மோசம் போலிருக்கிறது; சோடாப் பாட்டிலின் அடியை வெட்டிப் போட்டது மாதிரிக் கண்ணாடி. இடது காது மாட்டுகிற கொக்கி உடைந்து, கறுப்பு நூலால் சுற்றியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். அப்புறம் மணல் வாளிக்குத் திரும்பி வந்து, கிழங்கு இருந்த ஓலைப்பெட்டியின் வாயைப் பார்த்தாள். திரும்பவும் அலமாரிக்குப் போனாள்.

பெட்டிகள் மொத்தம் மூன்று வந்தன என்று கேப்டன் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒன்றாக, காம்பவுண்டுச் சுவர் மேல். முதல் பெட்டியை ஊர் நன்மைக்காகத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொக்கிரகுளம் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்துவிட்டார். அடுத்த இரண்டும் வாளியில். முழங்கைக்குக் கீழே வரிவரியாக இருந்த தழும்பை நீட்டி, ஷெல் பட்டதற்கே பயப்படாதவன் நான், என்று முடித்தார்.

பாக்கியசீலன் இருபது வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு வாடகை சைக்கிள் கடைக்கு மேலே 'புலனாய்வகம்' என்று போர்டு மாட்டியிருந்தார். வருகிற வழக்குகள் பெரும்பாலும் மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்பதுதான். ஆனால் எதிராளி வாய் ஓயும்வரை கேட்கிற பழக்கம் கோர்ட்டில் படிந்துவிட்டது. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: நம் பக்கம் கிழங்கை அவித்த அன்றைக்கே தின்றுவிடுகிறோம். அவித்துக் கீறிக் காய வைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வது யாழ்ப்பாணத்துக்காரர்கள். புழுக்கொடியல் என்று பேர். அங்கிருந்து வந்த ஒரு பாதிரியார் வீட்டில் தின்றிருக்கிறேன்.

"பாத்தீரா, யாழ்ப்பாணம். நான் சொல்லல?" என்றார் கேப்டன்.

நாளைக் காலை இன்ஸ்பெக்டர் ஊருக்கு வடக்கே இருக்கிற அகதி முகாமுக்குப் போகிறார். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் கணக்கில் காட்ட ஏதாவது வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் இன்னார்தான் என்று பேர் சொன்னால் அந்த ஒரு ஆளைக் கொண்டுபோவார். சொல்லாவிட்டால் கைக்கு அகப்பட்டவர்களைக் கொண்டுபோவார். போகிற இடத்துக்குச் சிறப்பு முகாம் என்று பேர். சிறை என்று சொல்லக்கூடாது. சிறை என்றால் என்றைக்கு விடுவார்கள் என்று ஒரு தேதி இருக்கும்.

"அப்போ நாங்க ஒருத்தரைக் காட்டிக் குடுக்கணும். இல்லாட்டி ஊரையே காட்டிக் குடுத்தவங்க ஆவோம்," என்றாள் செல்லக்கிளி.

"உங்க சாரை நான் கூப்பிட்ட வேலையே அதுதான்மா," என்றார் கேப்டன்.

கிழங்கு தொண்டையில் நின்றது. தண்ணீர் கேட்டு அவள் அடுக்களைக்குப் போனாள். அங்கே வேலைக்காரி சுடலைவடிவு, கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மூன்று மாதத்துக் குறையையும் ஒரே மூச்சில் சொன்னாள். காப்பிக்குச் சீனி பத்தாதாம், சாம்பாருக்குப் புளி கூடிப் போச்சாம். அடுப்படியில் ஐயாவுக்குத் தெரியாத வேலையே கிடையாது, கரண்டியைப் பிடுங்கிக் கிண்டிக் காட்டுவாவ. அன்றைக்கு ஒருநாள் விடிந்தும் விடியாததுமாகச் சட்னிக்கு வைத்திருந்த தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறச் சொன்னாவ. கீறிக் குடுத்தா பாதித் தின்னு பாதித் தட்டுல கெடக்கு. தலைவலின்னு போய்ப் படுத்தாவ, அன்னைக்கு முழுக்க எந்திரிக்கலை.

செல்லக்கிளி தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள்.

டவுன் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பாக்கியசீலன் குடையை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு, சொல்லு என்றார்.

"தழும்பைப் பாத்தீயளா சார்? எங்க பெரியப்பா கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போறவரு. அவருக்கு ரெண்டு கையிலயும் அதே ஷெல் பட்டிருக்கு. அப்பளம் பொரிக்கையில."

அவர் சிரிக்கவில்லை, குடைப்பிடியைத் தட்டினார். சந்தோஷம் என்று அர்த்தம்.

"அப்புறம்?"

அப்புறம்தான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. ஓலைப்பெட்டியின் வாயைப் பச்சை நூலால் தைத்து மூடியிருந்தார்கள். சும்மா ஓட்டின தையல் இல்லை. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பது போல, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நெருக்கி நெருக்கி. அலமாரியில் இருந்த கண்ணாடியின் கொக்கியிலும் அதே காஜா. நூல்தான் வேறே, கை ஒன்று.

"ஒரு பயங்கரத் தளபதி கண்ணாடி உடைஞ்சா என்ன செய்வான்? தூரப் போட்டுட்டு எவன் மூஞ்சியிலயாவது இருந்து பிடுங்கிப் போட்டுக்கிடுவான். இது உக்காந்து, நூல் காதுல குத்தாம முடிச்சை உள்ள தள்ளித் தச்சிருக்கு சார். தளபதியாவது ஒண்ணாவது. அது ஒரு வீட்டுப் பிள்ளை."

ஜன்னலுக்கு வெளியே ஆறு வந்து போயிற்று. தண்ணீர் குறைந்து பாறைகள் தெரிந்தன.

"பச்சை நூல்," என்றார் பாக்கியசீலன். "கேப்டன் கடைசியா எந்தப் பள்ளிக்கூடத்துல பேசுனாருன்னு கேட்டுட்டுத்தான் வந்தேன். அங்கன யூனிபாரம் என்ன நிறம்னு போய்ப் பாப்போம்."

யூனிபாரம் பச்சை.

தலைமையாசிரியை யூனிஸ் அவர்களை உட்கார வைத்து, கேப்டன் வந்த விழாவைப் பற்றி நெடுநேரம் சொன்னார். கேப்டன் தளபதியைப் பிடித்த கட்டம் வந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மயங்கி விழுந்தானாம். வீரத்தாலா வெயிலாலா என்று இதுவரை முடிவாகவில்லை. அன்றைக்கு வெளியாள் யாராவது இருந்தார்களா என்று பாக்கியசீலன் பைய நடுவில் நுழைந்து கேட்டார். யாரும் இல்லை என்றார் அம்மையார். பிறகு, வெளியாள் என்று எண்ணத் தோன்றாதவர்களை எண்ணிப் பார்த்து, வராந்தாவில் முகாம் பெண்கள் சிலர் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றார். அதில் ஒருத்தி, கேப்டன் கண்ணாடியைத் தூக்கிக் காட்டியபோது எழுந்து நின்றுவிட்டாள். தேசபக்தி என்று அம்மையார் நினைத்துக்கொண்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழுதாள், சிரிக்கவும் செய்தாள். பேர் ராசமலர்.

பேர் கிடைத்துவிட்டது. கிடைத்த பேரை வாயில் போட்டுக்கொண்டு மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வடக்கே போகிற பஸ்ஸில் செல்லக்கிளி முதல்முறையாக ஒரு கேலியும் பேசாமல் வந்தாள்.

முகாம் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி. உள்ளே சேலைகளைக் குறுக்கே கட்டி வீடுகள் பிரித்திருந்தார்கள். ஒரு நீலச் சேலைக்கும் ஒரு பூப்போட்ட சேலைக்கும் நடுவில் ராசமலர் குடியிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். தகரத்தின் மேல் நாலைந்து கிழங்குக் கீற்று காய்ந்துகொண்டிருந்தது; தை மாதம் வாங்கி அவித்ததில் மிச்சம், மழை பட்டு நமத்ததால் திரும்பவும் வெயில் காட்டுகிறாள்.

பாக்கியசீலன் குற்றவாளியைப் பிடிக்கும்போது சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தார். இதுவரை உபயோகப்பட்டதில்லை. இப்போது அதை எடுக்கத் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். அவர்களை முன்பின் பார்த்தவளில்லை. ஆனால் காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி முகம் மலர்ந்தது.

"அவர் அனுப்பினவரோ?" என்றாள்.

பாக்கியசீலனின் வாக்கியம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அவள் அவர்களை ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்துச் சொன்னாள். சண்டை நாளில் அவள் குடியிருந்த சந்தின், அவள் சொல்லில் ஒழுங்கையின், முனையில் நம் பட்டாளத்தின் காவல் கொட்டில் ஒன்று இருந்தது. அங்கே இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருத்தர்தான். பெரிய மீசை. சண்டை போடுகிறவர் இல்லை, குசினியில் சமைக்கிறவர். கறிவேப்பிலை கேட்டு வேலியண்டை வந்தார். பிறகு முருங்கைக்காய் கேட்டு வந்தார். ஒருநாள் புழுக்கொடியல் கொடுத்தாள். தேங்காய்ச் சொட்டோடு, அதாவது கீறின தேங்காய்ப் பல்லோடு, தின்ன வேண்டும் என்று அவள்தான் பழக்கினாள். ஊரடங்கு போட்ட நாட்களில் விடியும்போது வேலியில் ஒரு பை மாவு தொங்கும். அவள் ஓலைப்பெட்டியில் புழுக்கொடியல் வைத்துத் தொங்க விடுவாள். அந்த நாட்களில் யாரும் யாரோடும் பேசவில்லை. பேசினால் இரண்டு பக்கத்திலும் ஆபத்து.

'தேங்காய்ச் சொட்டு' என்ற இடத்தில் செல்லக்கிளி நிமிர்ந்தாள். சட்னிக்கு வைத்த தேங்காய். பாதி தின்று பாதி தட்டில். பெட்டியை ஆற்றில் எறிந்த மனிதர் எதற்கு விடியற்காலையில் தேங்காய் கீறச் சொன்னார்?

ராசமலருக்கு ஒரே மகன், குகதாசன். பதினேழு வயது. படிக்கிற பிள்ளை, கண்ணாடி இல்லாவிட்டால் கைக்கெட்டின சுவர்கூடத் தெரியாது. ஒரு சுற்றிவளைப்பில் பட்டாளத்தார் தெருப் பையன்களையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். படுக்கையிலிருந்து இழுத்துப் போனதால் கண்ணாடி தலைமாட்டிலேயே கிடந்தது. மறுநாள் காலை மீசைக்காரர் தானாகவே வந்தார். பிள்ளை கண் தெரியாமல் தடவிக்கொண்டிருப்பான், கண்ணாடியைத் தாங்கோ, அவன் கையில் கொடுக்கிறேன் என்றார். அவசரத்தில் கண்ணாடியை மட்டும் கொடுத்தாள். அதை வைக்கிற கூடு வீட்டிலேயே நின்றுவிட்டது. மீசைக்காரர் அதற்குப் பிறகு ஒழுங்கைப் பக்கம் வரவில்லை. கொட்டிலையும் எடுத்துவிட்டார்கள். படகேறி இங்கே வரும்வரை இரண்டு வருஷம் வாசல்தோறும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

"பிறகு அந்தப் பள்ளிக்கூடத்திலை குரல் கேட்டுது. எழும்பிப் பாக்கிறன், கையிலை என்ர பிள்ளையின்ர கண்ணாடி. தானே பிடிச்சவராம், கையை மடக்கித் தானே கொண்டுபோய் ஒப்படைச்சவராம். எனக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது தம்பி."

ஐம்பத்தெட்டு வயதுத் தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒப்படைச்சவருக்கு எங்க ஒப்படைச்சது எண்டு தெரியும்தானே," என்றாள் அவள்.

அதனால் கூட்டை அனுப்பினாள். முதல் பெட்டியில் அடியில் கண்ணாடிக் கூட்டை வைத்து, மேலே புழுக்கொடியலைப் பரப்பித் தைத்தாள். எழுதினால் யாராவது பிரித்துப் படித்து அவரை இழுத்து விசாரிப்பார்கள். அவருக்கு ஏன் வில்லங்கம்? பெட்டியைக் கண்டால் அவருக்கு விளங்கும். பதில் வராததால் இரண்டாவது, மூன்றாவது அனுப்பினாள். வேலைக்குப் போகிற லாரி பெருமாள்புரம் வழியாகப் போகும்போது அந்தப் பெயர்ப்பலகை வீட்டில் இறங்கி வைத்துவிட்டு ஏறிக்கொள்வாள்.

செல்லக்கிளி முதலாளியைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் பேர் கொடுக்க வேண்டும். முகாம் கேட்டில் ஆறு மணிக்குத் தலை எண்ணுவார்கள். பாக்கியசீலன் எழுந்து, குடையை ஊன்றிக்கொண்டு, முகாம் பொறுப்பதிகாரியிடம் போனார். பெஞ்ச் கிளார்க் குரலில் 'மேற்படி நபர்', 'சாட்சி விசாரணை நிமித்தம்' என்று இரண்டு வாக்கியம் பேசினார். எந்தச் சட்டம் என்று அதிகாரி கேட்கவில்லை. புரியாத தமிழுக்கு அரசாங்கத்தில் எப்போதும் மரியாதை உண்டு. ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டார்.

கேப்டன் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று சுதந்திர தினப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தார். 'வெறுங்கையால்' என்ற இடத்தில் கை மேலே போயிருந்தது. வாசலில் ராசமலரைப் பார்த்ததும் கை இறங்க மறந்துவிட்டது.

அவர் யாரென்று கேட்கவில்லை. போலீஸைக் கூப்பிடவில்லை. மீசை மட்டும் முகத்தில் தனியாக நின்றது.

"பேர் கேட்டீரு, ஆளையே கொண்டாந்துட்டேன்," என்றார் பாக்கியசீலன். "ஒரு சந்தேகம் வே, கேப்டன். வெடிகுண்டுக்கு எதுக்குத் தேங்காய் கீறச் சொன்னீரு?"

அடுக்களைக் கதவண்டை சுடலைவடிவின் முகம் தெரிந்து மறைந்தது. கேப்டன் சோபாவில் உட்கார்ந்தார். இந்தமுறை முன்பக்கத்தில்.

"நான் கேப்டன் இல்லை," என்றார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் அது. "ஹவில்தாரு. அடுப்படி ஹவில்தாரு."

அவர் சொன்னதெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னது. முதல் பெட்டியைச் சுவரில் பார்த்ததுமே யார் வைத்தது என்று தெரிந்துவிட்டது. ஆனால் மூக்கு முந்திக்கொண்டது. எத்தனை வருஷமாச்சு என்று தேங்காய் கீறச் சொல்லி உட்கார்ந்து தின்றார். பாதியில் விரலுக்குக் கூடு தட்டுப்பட்டது. ஆற்றில் எறியவில்லை, பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். பெட்டியும் கூடும் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. மேடையில் போய் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாப் பொய்யும் வெளுத்துவிடும். அவளை எங்காவது தூரமாகக் கொண்டுபோய்விட்டால் நல்லது என்று தோன்றியது; புகார் கொடுத்தார்.

"கண்ணாடியைக் குடுத்தியளா?" என்றாள் செல்லக்கிளி.

"கொண்டு போனேன். சத்தியமாக் கொண்டு போனேன். அதுக்கு முன்னாலயே லாரி போயிட்டு. எங்கன்னு கேட்டேன். அடுப்படி ஹவில்தாருக்கு யாரு சொல்லுவா? போய்க் குழம்பைப் பாருன்னான். அப்புறம் அந்த ஒழுங்கையில எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நடக்க? ஊருக்கு வந்தா, டிரங்குப் பெட்டியில இருந்து விழுந்த கண்ணாடியைப் பாத்து இது ஏதுன்னாவ. தெரியலன்னு சொல்ல வரல. பிடிச்சேன்னு சொல்லிட்டேன். கை தட்டினாவ." அவர் மூக்கை உறிஞ்சினார். "உங்க பையனை நான் பிடிக்கலம்மா. அவனை நான் லாரியில பாக்கக்கூட இல்ல. எங்க கொண்டு போனாவன்னு எனக்குத் தெரியாது."

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்காமலேயே, பேர் கிடைத்ததா என்று குரல் கொடுத்தார். வாளி இருக்கும் வீட்டுக்குள் அவர் நுழைவதாக இல்லை.

கேப்டன் ராசமலரைப் பார்த்தார். பிறகு எழுந்து, மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஜீப்பின் முன்னால் நின்று ஒரு குச்சியை எடுத்து, மணலை ஊதிவிட்டு, கடித்தார். டிரைவர் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தார். கேப்டன் மென்று விழுங்கிவிட்டு, இது கிழங்கு, எனக்குத் தெரிந்தவர்கள் பிரியத்தில் அனுப்பியது, புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார். இன்னொரு குச்சியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் வாங்கவில்லை. முகாமுக்குப் போகிற வேலை மிச்சமானதில் அவருக்குச் சங்கடமா சந்தோஷமா என்று தெரியவில்லை. வீரர்களுக்கே மூளை கலங்கினால் நாடு என்னாவது என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டு போனார்.

கேப்டன் தன் வாழ்நாளில் போட்ட முதல் சண்டை அது. ஜீப்பில் இருந்து பார்த்தவர்கள் இரண்டே பேர். கை தட்டவில்லை.

உள்ளே வந்து அவர் அலமாரியைத் திறந்தார். கண்ணாடியை எடுத்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து கூட்டையும் ஓலைப்பெட்டியையும் கொண்டுவந்து எல்லாவற்றையும் ராசமலரின் முன்னால் வைத்தார். செல்லக்கிளி அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ராசமலர் அழவில்லை.

அவள் கேப்டனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன பொய் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் கேட்டது. எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதை நம்பியே தீர வேண்டியிருந்தவள் இவள் ஒருத்திதான்.

"இல்லை," என்றாள் பொறுமையாக, பயந்த பிள்ளைக்குச் சொல்வது போல. "நீங்கள்தான் பிடிச்சனீங்கள். எல்லாருக்கும் முன்னாலை மைக்கிலை சொன்னனீங்கள். எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை. எங்க விட்டனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியாதும்மா."

"சொல்லக்கூடாது எண்டு உங்கடை பெரியவை சொல்லியிருப்பினம். எனக்கு விளங்குது."

"அம்மா, நான் பிடிக்கவே இல்ல."

அவள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடியை எடுத்து முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். கொக்கியில் தான் போட்ட நூலை நகத்தால் நெருடி, இன்னும் பிடிமானமாக இருக்கிறதா என்று பார்த்தாள். கூட்டுக்குள் வைத்து மூடினாள். மூடினதைக் கேப்டனின் கையில் கொடுத்து, அவர் விரல்களைத் தானே மடக்கிவிட்டாள்.

"அவனைக் காணுற நேரம் குடுங்கோ. கையிலை குடுக்கிறன் எண்டுதானே வாங்கினீங்கள்."

கேப்டனால் அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பித் தரவும் முடியவில்லை. கூடத்து நடுவில், காலியான சிவப்பு வெல்வெட்டுக்குப் பக்கத்தில், மடக்கின கையோடு நின்றார். பாக்கியசீலன் கடிகாரத்தைப் பார்த்தார். தலை எண்ணுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. செல்லக்கிளி ராசமலரை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

படியிறங்கின ராசமலர் எதையோ மறந்தாற்போல நின்று திரும்பினாள்.

"பெட்டி மூண்டையும் தாங்கோ," என்றாள் கேப்டனிடம். "வாற கிழமையும் புழுக்கொடியல் வைச்சுக் கொண்டுவர வேறை பெட்டி இல்லை."